35 அங்குல டயரும் ஐந்தாவது கியரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து மேற்கே செல்லும் ஐ-70 நெடுஞ்சாலையில் ஜார்ஜ்டவுன் ஊரைத் தாண்டியதும் சாலை நிமிரத் தொடங்குகிறது. அங்கிருந்து ஐசனோவர் சுரங்கப்பாதை வரை ஏற்றம்தான். சுரங்கம் இருக்கும் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 11,158 அடி. என்னுடைய 2013ஆம் ஆண்டு ஜீப் ராங்ளர் சஹாராவில் 35 அங்குல டயர்களை மாட்டிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, அந்த ஏற்றத்தில் தானியங்கி கியர்பாக்ஸ் ஐந்திலிருந்து நான்குக்கும் நான்கிலிருந்து மூன்றுக்கும் இறங்கியது. சற்றே சமனான இடம் வந்ததும் மறுபடி ஐந்துக்கு ஏறியது. அடுத்த வளைவிலேயே மீண்டும் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று மாலையே நண்பர்கள் சொன்ன மருந்து ஒன்றுதான்: முன்னும் பின்னும் உள்ள ஆக்சில்களில் கிரவுன்-பினியனை, அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடியை, மாற்றிவிடு. நான் பதினொரு மாதம் மாற்றவில்லை. பிறகு மாற்றினேன். தாமதித்ததும் சரி, மாற்றியதும் சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். இரண்டும் எப்படி ஒருசேரச் சரியாகும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிரவுன்-பினியன் என்ற சொல் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். நான் நாமக்கல்காரன், அப்பா இரண்டு லாரி வைத்திருந்தார். பட்டறையில் ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்து, எண்ணெய் வடியும் கிரவுன் வீலை இரண்டு பேர் தூக்கி வெளியே வைப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். இங்கே ஜீப்புக்குள் இருப்பதும் அதே பொருள்தான், அளவில் மட்டும் சிறியது. என் வண்டியின் பினியனில் 11 பற்கள், கிரவுன் வீலில் 41 பற்கள். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73 வரும். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆக்சில் விகிதம் என்பது இவ்வளவுதான்.

சஹாராவில் தொழிற்சாலையிலிருந்து வந்த டயர் 255/70ஆர்18 அளவு. அதன் விட்டம் 32 அங்குலம். அதன் இடத்தில் 35 அங்குல டயர் வந்தால், ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் நூற்றுக்கு ஒன்பதுக்குச் சற்று மேல் கூடுகிறது. எஞ்சினுக்கு டயர் மாறியது தெரியாது. தன் தலையில் பாரம் கூடியது மட்டும் தெரியும். 3.73-ஐ 32-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 3.41 கிடைக்கிறது. பழைய டயரோடு 3.41 ஆக்சில் விகிதம் இருந்திருந்தால் வண்டி எப்படி இழுத்திருக்குமோ, அப்படித்தான் இப்போது இழுக்கிறது. ஒவ்வொரு கியரிலும் தள்ளுவிசை நூற்றுக்கு எட்டரைப் பங்கு போய்விட்டது. இதன்மேல் எடை வேறு. நாற்பது பவுண்டுக்கு உட்பட்டிருந்த டயர் இப்போது அறுபதுக்கு மேல். அந்த எடை சுழலும் விளிம்பில் உட்கார்ந்திருப்பதால் வண்டி கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் கூடுதலாக உறுத்துகிறது. டயர் உரசாமலிருக்க வண்டியை இரண்டரை அங்குலம் தூக்கியதால் காற்று மோதும் பரப்பும் கூடியது. ராங்ளர் முன்பே நிமிர்த்தி வைத்த செங்கல்லைப் போலத்தான் காற்றைக் கிழிக்கும். செங்கல்லை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம்.

33 அங்குலத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அப்போது 3.73 என்பது 3.62 போல நடந்துகொள்ளும். நூற்றுக்கு மூன்று இழப்பைப் பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள். 35 என்ற எண்ணின் மீது எனக்கிருந்த ஆசைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

ஆக்சிலைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பலர் அதைச் செய்யாமலே கியரைக் குறை சொல்கிறார்கள். வண்டியின் கணினிக்குப் புதிய டயரின் அளவைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேகமானி 65 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 71 மைலில் போய்க்கொண்டிருக்கும். மணிக்கு 71 மைலில் ஒரு செங்கல்லைத் தள்ளிக்கொண்டு மலையேறினால் எந்த எஞ்சினும் முனகத்தான் செய்யும். கியர் எப்போது மாறவேண்டும் என்று கியர்பாக்ஸ் முடிவெடுப்பதும் அந்தத் தவறான வேகத்தை வைத்துத்தான். நான் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கி, வண்டியின் பழுது கண்டறியும் துளையில் செருகி அளவைத் திருத்தினேன். பெட்டியில் அச்சிட்ட 35 என்ற எண்ணை அப்படியே போடவில்லை. டயரின் பக்கவாட்டில் சுண்ணக்கோடு கிழித்து, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளந்தேன். 107 அங்குலம் வந்தது. பை (π) என்ற எண்ணால் வகுத்தால் விட்டம் 34-ஐ ஒட்டி நிற்கிறது. வண்டியின் எடை டயரைச் சற்று அமுக்குவதால் இப்படி. பழைய டயரும் இதேபோல் தன் பெயரைவிடச் சிறியதாகவே உருண்டிருக்கும் என்பதால் மேலே சொன்ன ஒப்பீடு பெரிதாக மாறாது, கணினிக்கு மட்டும் அளந்த எண் வேண்டும்.

எரிபொருள் கணக்கிலும் இதே மாயம் உண்டு. பழைய டயரில் கேலனுக்குப் பதினேழரை மைல் கொடுத்த வண்டி, புது டயரில் 14 கொடுத்ததாக முதல் மாதம் வருந்தினேன். ஆனால் மைல்மானி 300 காட்டியபோது வண்டி 328 மைல் ஓடியிருந்தது. அதைத் திருத்தினால் 14 என்பது 15.3 ஆகிறது. நான் இழந்ததாக எண்ணிய மூன்றரை மைலில் ஒன்றேகால் மைலுக்கு மேல் வெறும் கணக்குப் பிழை. கிரவுனை மாற்றியதும் மைலேஜ் ஏறிவிட்டது என்று சொல்கிறவர்களில் சிலர், அதே நாளில் வேகமானியையும் முதன்முறையாகத் திருத்திக்கொண்டவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

திருத்திய பிறகு நெடுஞ்சாலையில் நிலைமை பாதி சீரானது. மீதிப் பாதிக்குக் காரணம் நான் வாழும் இடம். காற்றை இயல்பாக உறிஞ்சும் எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் தோராயமாக நூற்றுக்கு மூன்று பங்கு ஆற்றலை இழக்கிறது. டென்வர் 5,280 அடியில் இருக்கிறது. என் வண்டியின் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் எஞ்சினுக்கு ஏட்டில் 285 குதிரைத்திறன். என் வீட்டு வாசலிலேயே அது 240-ஐ ஒட்டித்தான் இருக்கும், சுரங்கத்தின் வாயிலில் 190-ஐ. ஹூஸ்டனில் வசிக்கும் என் கல்லூரி நண்பர் இதே வண்டியில், இதே 3.73 ஆக்சிலில், இதே அளவு டயரில் மூன்று ஆண்டாக ஓட்டுகிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஹூஸ்டனில் மலையும் இல்லை, கடல்மட்டத்திலிருந்து உயரமும் இல்லை. எந்த ஊரில் ஓட்டுகிறாய் என்று கேட்காமல் எந்தக் கிரவுனைப் போடலாம் என்று சொல்கிறவரை நம்பவேண்டாம்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, நாலாவதுல போட்டா ஏறுதில்ல? அப்புறம் எதுக்குக் கிரவுனைப் பிரிக்கோணும்?" என்றார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லாரியைக் கீழ்க்கியரிலேயே ஏற்றி இறக்கியவருக்கு, ஐந்தாவது கியர் வேலை செய்யவில்லை என்பது ஒரு நோயாகவே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அவர் கேள்வி சிரிப்பதற்குரியதல்ல என்று தெரிந்தது.

அந்தக் கணக்கு இது. என் கியர்பாக்ஸில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.83, நான்காவது நேர் கியர், 1.00. எனக்குப் பரிந்துரைக்கப்பட்ட புதிய ஆக்சில் விகிதம் 4.56. அதை ஐந்தாவதின் 0.83-ஆல் பெருக்கினால் 3.78 வருகிறது. பழைய ஆக்சிலின் 3.73-ஐ நான்காவதின் 1.00-ஆல் பெருக்கினால் 3.73. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! மணிக்கு 65 மைலில், பழைய ஆக்சிலோடு நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,330 சுற்றுகள் சுற்றும். புதிய ஆக்சிலோடு ஐந்தாவதில் 2,360. இரண்டாயிரம் டாலர் செலவழித்து இரண்டு ஆக்சிலையும் பிரித்துப் போட்ட பிறகு, நெடுஞ்சாலையில் எனக்குக் கிடைக்கப்போவது முன்பே என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நான்காவது கியர். அதன் பெயர் மட்டும் ஐந்து என்று மாறியிருக்கும்.

அதனால் சில மாதங்களுக்கு அப்பா சொன்னபடியே ஓட்டினேன். இந்தக் கியர்பாக்ஸில் லீவரை இடப்பக்கம் தட்டினால் மேல் கியருக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளும். ஏற்றம் தொடங்கும் முன்பே நான்கில் பூட்டிவிட்டால் தாவல் நின்றுவிடும். பழைய டயரில் 65 மைலில் ஐந்தாவது கியர் எஞ்சினை 2,110 சுற்றில் வைத்திருந்தது. 35 அங்குல டயரில் அது 1,930. இந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் 4,800 சுற்றில் வருவது. 1,930-இல் அதனிடம் மலையேறச் சொல்வது தூங்குகிறவனை எழுப்பாமலே வேலை வாங்கப் பார்ப்பதுதான். சமதளத்தில், காற்று எதிர்க்காத நாளில், ஐந்தாவது போதுமானது. மற்ற நேரத்தில் நான்கு. கிழக்கே கான்சஸ் பக்கம் ஓட்டுகிறவனாக மட்டும் நான் இருந்திருந்தால், இதோடு கதை முடிந்திருக்கும். இந்தப் பணத்தில் நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கியிருப்பேன்.

நெடுஞ்சாலையில் கீழ்க்கியர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். முதல் கியருக்குக் கீழே கடன் வாங்க ஒன்றும் இல்லை. ஆக்சில் விகிதத்தின் உண்மையான பயன் மேல்தட்டில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது. கியர்பாக்ஸ் என்பது ஐந்து படிகள் கொண்ட ஏணி என்றால், பெரிய டயர் ஏணி முழுவதையும் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறது. மேல்படிக்குக் கால் எட்டாவிட்டால் அடுத்த படியில் நிற்கலாம். முதல் படியே உயரத்துக்குப் போய்விட்டால் ஏணியில் ஏறுவதே பாடு. இது எனக்குப் புரிந்த இடம் இமோஜீன் கணவாய்.

கொலராடோவின் தென்மேற்கில், யூரே ஊரையும் டெல்யூரைடையும் இணைக்கும் அந்தக் கணவாய் 13,114 அடி உயரத்தில் இருக்கிறது. சுரங்கங்களிலிருந்து தாதுமண் ஏற்றிவந்த காலத்துப் பாதை. ஏறும்போது பெரிய சிரமம் இல்லை. உருண்டைக் கற்கள் நிறைந்த இடங்களில் மட்டும், ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால், ஏறிய நொடியில் வண்டி முன்னால் பாய்ந்து அடுத்த கல்லில் இடித்தது. மெல்ல ஊர்வதற்குத் தேவையான விசை, மெல்ல ஊரும் வேகத்தில் கிடைக்கவில்லை. இறக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் தாழ்நிலை நான்கு சக்கர இயக்கத்தில், முதல் கியரில், காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அன்று பிடிக்கவில்லை; வேகம் கூடிக்கொண்டே போயிற்று, நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கீழே வந்து நின்றபோது பிரேக் கட்டைகளின் தீய்ந்த வாடை உள்ளே வரைக்கும் வந்தது.

கணக்கில் பார்த்தால் காரணம் தெளிவு. முதல் கியர் 3.59, தாழ்நிலைப் பெட்டி 2.72, ஆக்சில் 3.73, மூன்றையும் பெருக்கினால் 36.4. பெரிய டயர் அதை 33 அளவுக்குக் குறைத்துவிட்டது. எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கும்போது வண்டி மணிக்கு 4.3 மைல் போகும். 4.56 ஆக்சில் இருந்தால் பெருக்குத்தொகை 44.5 ஆகி, அதே சுற்றில் வேகம் மூன்றரை மைலாகக் குறையும். எஞ்சின் பிடிக்கும் வலு நூற்றுக்கு இருபத்திரண்டு கூடும். படிக்கும்போது 0.8 மைல் வேறுபாடு அற்பமாகத் தோன்றும். வலப்பக்கம் பள்ளத்தாக்கு இருக்கையில் அப்படித் தோன்றாது. தாழ்நிலைப் பெட்டியை மட்டும் மாற்றுவதும் ஒரு வழிதான். ரூபிகான் மாதிரியில் தொழிற்சாலையே 4.0 விகிதப் பெட்டியைக் கொடுக்கிறது. ஆனால் அதைத் தனியே வாங்கினால் செலவு கூடும், நகரச் சாலையில் அதனால் ஒரு பயனும் கிடையாது.

கியர்பாக்ஸின் சூடு இன்னொரு காரணம். ஸ்கேனரில் எண்ணெய் வெப்பத்தைப் பார்த்தபடி ஓட்டிப் பழகியிருந்தேன். நகரத்து நிறுத்தங்களிலும் கற்பாதையிலும் முதல் கியர் திணறும்போது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வழுக்கல் முழுவதும் சூடாக மாறுகிறது. லீவரைத் தட்டி இதைத் தவிர்க்க வழியில்லை. கிரவுனுக்கு ஆகும் செலவைக் கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டபோதுதான் என் மனம் ஒருபக்கம் சாய்ந்தது.

எந்த விகிதம் என்ற கேள்வியில், 4.56-ஐ விட்டு 4.88-ஐப் போடு என்று வலியுறுத்தியவர்கள் அதிகம். தானியங்கி கியர்பாக்ஸுக்கு அது இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். எனினும் 75 மைலில் எஞ்சின் 2,900 சுற்றைத் தொடும். ஊருக்குள்ளும் மலையிலும் சமமாக ஓட்டும் எனக்கு அந்த இரைச்சல் வேண்டாம். பெரிய காரணம் பற்கள். 4.56 என்பது 41-க்கு 9, 4.88 என்பது 39-க்கு 8. விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுத்துக்கொண்டே போகிறது; அதன் கழுத்தும் மெலிகிறது, ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களும் குறைகின்றன. சஹாராவின் பின்பக்கம் இருப்பது டேனா 44 ஆக்சில், அது தாங்கும். முன்பக்கம் இருப்பது அதைவிடச் சிறிய டேனா 30. கனமான டயரையும் எட்டுப் பல் பினியனையும் அந்தச் சிறிய ஆக்சிலில் சேர்த்து, பாறை இடுக்கில் சக்கரம் மாட்டிய நிலையில் மிதிப்பதற்கு எனக்குத் துணிவில்லை. 4.56-ஐப் போட்டாலே, 35 அங்குல டயரின் இழப்பு ஈடாகி, பழைய நிலையைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுக்கு விசை கூடுகிறது. எடைக்கும் காற்றுக்கும் உயரத்துக்கும் நான் ஒதுக்கிய பங்கு அதுதான்.

என் வண்டி 3.21 ஆக்சிலோடு வந்திருந்தால் பதினொரு மாதம் காத்திருந்திருக்க மாட்டேன். 35 அங்குல டயரில் அது 2.93 ஆகிவிடும், ஐந்தாவதில் 65 மைலுக்கு எஞ்சின் 1,660 சுற்றில் கிடக்கும், அதாவது ஐந்தாவது கியர் இருந்தும் இல்லாததே. 3.21 காரர்கள் டயரும் கிரவுனும் சேர்ந்த விலையைத்தான் டயரின் விலையாகக் கருதவேண்டும். 4.10 ஆக்சில் உள்ளவர்களோ பேசாமல் ஓட்டலாம், அவர்களுடைய 4.10, பெரிய டயரில் 3.75 ஆகி, தொழிற்சாலையே விற்ற ஒரு விகிதத்தில் வந்து நிற்கிறது. உண்மையான குழப்பம் நடுவில் நிற்கும் 3.73 காரர்களுக்கு மட்டும்.

வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நான் சூடுபட்டேன். இரண்டு ஆக்சிலையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் இழுத்து எதையாவது உடைத்துவிடும். செலவு இரட்டிப்பாவது இதனால்தான். உள்ளே செய்வது நுண்மையான வேலை: பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துத் தீர்மானிக்கிறார்கள், பற்களுக்கு இடையே விடும் தளர்வு பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துப் பங்கு. பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், கடிக்கும் இடம் பல்லின் நடுவில் பதியவேண்டும்.

நான் முதலில் கொடுத்த பட்டறை விலை குறைவாகச் சொன்ன இடம். வண்டி திரும்பி வந்த அன்றே, 50 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊளை கேட்டது. பழகப் பழகப் போய்விடும் என்றார்கள். பற்கள் தவறான இடத்தில் கடித்தால் அந்த ஓசை போகாது, பற்கள்தான் போகும் என்று நாமக்கல்லில் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இரண்டு வாரம் நம்பினேன். வேறொரு பட்டறையில் மூடியைத் திறந்தபோது, பழைய ஷிம்மையே புதுப் பினியனுக்கு அப்படியே போட்டிருந்ததும், பற்பதிவு பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கிக் கிடந்ததும் தெரிந்தது. நல்லவேளையாகப் பற்கள் தேயவில்லை. மறுபடி அமைத்து முடித்ததும், அந்த மெக்கானிக் பற்பதிவைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இந்த வேலைக்குக் கொடுப்பவர்கள் அந்தப் படத்தை முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். கேட்டதும் முகம் சுளிக்கிற பட்டறையில் வண்டியை விடாமலிருக்கலாம்.

புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்வரை பொறுமை வேண்டும். முதலில் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டவேண்டும். முதல் 500 மைலுக்குப் பாரம் இழுக்கக்கூடாது; அதன்பின் ஆக்சில் எண்ணெயை மாற்றவேண்டும். நான் வடித்த எண்ணெயில் வெள்ளித்தூள் போல இரும்புப்பொடி மினுங்கியது. அது இயல்புதான். கணினியில் புதிய ஆக்சில் விகிதத்தைப் பதிய மறந்து, முதல் நாள் வேகமானியும் கியர் மாற்றமும் மறுபடி உளறியதையும் ஒப்புக்கொள்கிறேன். டயர் அளவுக்கு உபதேசம் செய்தவனே இதில் வழுக்கினேன்.

மைலேஜ் கேலனுக்குப் பதினைந்துக்கும் பதினைந்தரைக்கும் இடையேதான் நிற்கிறது. போட்ட பணத்தை எரிபொருளில் திரும்ப எடுக்க இந்த வண்டியின் ஆயுள் போதாது. சிக்னலில் கிளம்பும்போது பழைய வண்டி திரும்பி வந்துவிட்டது. சென்ற ஆகஸ்டில் இமோஜீனில் மறுபடி இறங்கினோம். பிரேக்கை மூன்று இடங்களில் தொட்டேன். திரும்பும் வழியில், மேற்கிலிருந்து ஐசனோவர் சுரங்கத்துக்கு ஏறும் கடைசி மைல்களில், கியர்பாக்ஸ் ஐந்தை விட்டு நான்குக்கு இறங்கியது. முன்பு அதே இடத்தில் மூன்றுக்கு இறங்கும்.